ஐஸ் வாடி

இன்று தச்சுப்பட்டறை வாசலில் நனைந்த மரத்தூள் மணத்தபோது, பேசாலைக் கரையில் இப்போது இல்லாமற்போன ஐஸ் வாடி, மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் வைத்திருக்கும் கொட்டகை, நினைவுக்கு வந்தது. மரத்தூளுக்குள் புதைத்து வைத்த ஐஸ் கட்டிகளை வள்ளங்களுக்குச் சுமக்கிறவர்கள் எல்லோரும் தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார்கள். ஆபிரிக்க வம்சத்தில் வந்ததால் ஊரார் காப்பிரி என்று அழைத்த என் அப்பாவுக்கு மட்டும் சாக்கு இல்லை. "காப்பிரிக்குக் குளிராது, அவனெல்லோ ஆம்பிளை" என்று வாடி முதலாளி சொல்ல, அப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வெறுந்தோளைக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும், "முதல்ல கதவைச் சாத்து, பிள்ளை" என்பார். நான் எண்ணெய் தடவத் தடவ அந்தத் தோள் நடுங்கும்.

அவர் செத்தபோது உடலைச் சுற்றி ஐஸ் வைத்தார்கள். தோளுக்கும் ஐஸுக்கும் நடுவே நான் ஒரு சாக்கை மடித்துச் செருகினேன்.

"எடு பிள்ளை" என்றார் முதலாளி. "அவனுக்குக் குளிராது."