காகிதத்தில் சொட்டாத எண்ணெய்

பிள்ளைகளே, உங்கள் அப்பா நல்ல மெக்கானிக் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்பதுகளில் நான் நெய்வேலியில் வண்டி ஷெட்டில் பர்மனென்ட். சுரங்க வேலையாக வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியருக்கு ஒரு கார் இருந்தது. பவர் ஸ்டியரிங், ஒரு விரலால் திருப்பலாம். அதற்கான சிவப்பு எண்ணெய் டின்னில் கப்பலேறி வரும். காரில் ஊற்ற ஊற்ற அது வாராவாரம் குறைந்தது. ஓட்டியவர் மந்தாரக்குப்பத்துக் கான்ட்ராக்ட் டிரைவர், மூன்று பிள்ளைக்காரர்.

"எங்கய்யா விக்கிற? இல்ல, வீட்ல வடை சுடுறியா?" என்றார் ஃபோர்மேன். ஷெட்டே சிரித்தது. நானும்தான்.

"ஒழுவுதுங்க சார். நான் தொடலீங்க."

ஒழுகல் இருந்தால் அவருக்கு வேலை நிலைக்கும். இல்லையென்றால் திருடன், அன்றைக்கே வெளியே. பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. பம்பையும் ஹோஸ்களையும் துடைத்தேன். காருக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவரையே திருப்பச் சொன்னேன். அரைமணி நேரம். தாளில் ஒரு சொட்டு இல்லை.

அவர் இறங்கிவந்து குனிந்தார். சக்கரத்தை ஒட்டி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. "அண்ணா, அதுக்குள்ள தேங்கிகினு இருக்குமோ? கழட்டிப் பாருங்களேன்."

உறை கிழிந்தால் மாற்று கிடையாது. ஆனால் நான் கழற்றாததற்கு அது காரணமில்லை.

"நீ ஸ்டியரிங்கப் புடி. ஸ்பானர் புடிக்க எனக்குத் தெரியும்" என்றேன். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. "ஒழுகல் இல்ல சார்" என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். டிரைவரிடமிருந்து கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

புது டிரைவர் வந்தார். எண்ணெய் அதேபோலக் குறைந்தது. ஒருநாள் தனியாக இருக்கும்போது உறையின் பட்டையைத் தளர்த்தினேன். என் முழங்கை வரை சிவப்பாக வழிந்தது. உள்ளே எண்ணெயைத் தடுக்கும் சீல் போயிருந்தது. கசிந்ததெல்லாம் உறைக்குள்ளேயே நின்றிருந்தது.

ஃபோர்மேனிடம் சொன்னேன். "சீல் இப்பத்தான் போச்சுன்னு எழுதுய்யா. இல்லேன்னா மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க" என்றார். எழுதினேன்.

அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டருகே அந்தப் பழைய டிரைவர் நிற்கிறார்.

"ஒழுவல் எங்கனா ஆப்டுச்சுங்களாண்ணா?"

"இல்ல."

"அப்ப நாந்தான் ஊத்தறப்ப கீழ சிந்திகினு இருந்திருக்கேன்போல" என்றார்.

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.