கண்மாய்க்கு எந்தப் பக்கம்

உரமும் விதையும் விற்கிற கடை என்னுடையது. ஒரு நாள் காலை கடையைத் திறந்த கையோடு ஸ்டேஷன் ஏட்டு வந்தார். ஒரு கையெழுத்து வேண்டும், ஐந்து நிமிட வேலை என்றார். போனேன். ஸ்டேஷன் தரையில் ஒரு கிணற்று மோட்டார் கிடந்தது. சுவரோரம் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பரளச்சிப் பக்கம் கருவேலங்கட்டையை அடுக்கி மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். மோட்டார் என் வாடிக்கைக்காரர் ஒருவருடையது; அவர் கிணற்றிலிருந்து களவு போயிருந்தது. ஏட்டு காட்டிய தாளில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அருப்புக்கோட்டை கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கோர்ட்டு வராந்தாவில் அரசு வக்கீல் விஷயத்தை விளக்கினார். போலீசிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் அது செல்லாதாம். அவர் காட்டிய இடத்தில் பொருள் கிடைத்தது என்பது மட்டும் செல்லும். கரிக்காரர் கண்மாய்க்கரைப் புதருக்குள்ளிருந்து மோட்டாரை எடுத்துக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்ததாக, அன்று கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. வழக்கே அதன் மேல்தான் நின்றது.

கூண்டில் ஏறி, தாளில் இருந்தபடியே சொன்னேன். வாடிக்கைக்காரர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் வைக்க வசதியில்லாத கரிக்காரருக்குக் கோர்ட்டே இலவசமாக ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தது. சின்னப் பெண். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்தப் புதரு கண்மாய்க்கு எந்தப் பக்கம் இருக்கு சார்?"

வாயில் வந்த ஒரு திசையைச் சொல்லியிருக்கலாம். கரிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கண்மாய்ப் பக்கமே போகலைம்மா. மோட்டாரை ஸ்டேஷன்லதான் பாத்தேன்" என்றேன்.

நீதிபதி நிமிர்ந்தார். "அப்ப மொதல்ல சொன்னது?"

"அது தாள்ல இருந்ததுங்கய்யா."

நீதிபதி, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் என்ன தண்டனை என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் பிறழ் சாட்சி என்று அரசு வக்கீல் எழுந்து சொன்னார்.

வெளியே வாடிக்கைக்காரர் மறித்தார். "அவன்தான் எடுத்தான். உள்ளதைச் சொல்றேன்னு கெடுத்துட்டீகளே. அவன் எடுக்கலைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மைதான். அந்தப் பெண் வக்கீல் பக்கத்தில் நின்றிருந்தார். எடுக்கவில்லை என்று நிரூபிப்பது கரிக்காரர் வேலை இல்லை, எடுத்தார் என்று போலீஸ்தான் காட்ட வேண்டும், சந்தேகம் இருந்தால் அது அவருக்குத்தான் சேரும் என்றார். வாடிக்கைக்காரர் அதைக் காதில் வாங்காமல் நடந்தார்.

சில வாரத்தில் கரிக்காரருக்கு விடுதலை ஆனது. பிறகு ஒரு முறை கடைக்கு வந்து காலிச் சாக்கு கேட்டார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. "நாப்பது நாளு உள்ள இருந்தேன் அண்ணாச்சி. பிடிச்சிட்டுப் போன அன்னைக்கு எரிஞ்ச மூட்டம், மண்ணு போட ஆளில்லாம சாம்பலாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். மோட்டாரைப் பற்றி நான் கேட்கவில்லை.

வாடிக்கைக்காரர் இப்போது உரத்தை அருப்புக்கோட்டையில் வாங்குகிறார். பஸ்ஸில் பார்த்தால் தலையை அசைப்பார். நானும் அசைப்பேன்.