துவைக்கத் துவைக்க ஏறிய சாயம்

துவைக்கத் துவைக்கப் பட்டின் சாயம் கூடுகிறது என்று என் கணினி ஒரு சனிக்கிழமை காலையில் கண்டுபிடித்தது. காஞ்சிபுரத்தில் இதை உரக்கச் சொன்னால் ஜவுளிக்கடைக்காரர்கள் மாலையோடு வருவார்கள். புடவை வாங்கியவர்கள் வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆய்வு என் மனைவியுடையது. சாயம் போட்ட பட்டுத் துண்டுகளைத் திரும்பத் திரும்பத் துவைத்து, ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கருவியில் வைத்து அளந்தாள். எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு வருஷமாக என் சட்டைக்கு இடமில்லை. அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக உள்ளங்கை அகலத் துண்டுகள்தான் காய்ந்துகொண்டிருந்தன. அளவுகளைக் கணினியில் ஏற்றியவர் என் மாமனார். நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். இரண்டு விரலால் தட்டினாலும் ஒரு புள்ளியைத் தவறவிட மாட்டார். மிச்சமிருந்த கணக்கீட்டை நான் ஏற்றுக்கொண்டேன். புள்ளியியல் நிரல் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். பத்து நிமிஷ வேலை என்று சொல்லியும் வைத்தேன், அதுவும் மாமனார் காதில் விழும்படி.

இந்த முடிவுகளை வைத்து அவள் எழுதும் ஆய்வேட்டு அத்தியாயம் திங்கட்கிழமை பேராசிரியர் கைக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே அவகாசம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. இந்தத் தடவையும் தள்ளிப்போனால் ஆய்வையே விட்டுவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். கத்திச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

முடிவைப் பார்த்ததும் ஒரு கணவன் சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னேன்: அளந்ததில் ஏதாவது பிசகு இருக்குமோ? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பதில் வந்தது. இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாயத்தை நடுவில் மாற்றிவிட்டார்களோ என்று விசாரிக்க ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை சாயப்பட்டறைக்குப் போனாள்.

நான் சும்மா இருக்கவில்லை. நிரலைப் புதுப்பித்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். எண்களை மடக்கையாக, அதாவது லாகரிதமாக, மாற்றிப் பார்த்தேன். சாயம் இன்னும் கொஞ்சம் அழகாக ஏறியது. மாமனார் காபி டம்ளரோடு வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, பத்து நிமிஷம் இன்னும் ஓடிக்கினு இருக்குதா?" என்று கேட்டார். கணினி யோசிக்கிறது என்றேன். பாவம், அதுக்கும் வயசாகுது இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி திரும்பியபோது முகம் வாடியிருந்தது. பட்டறையில் எதுவும் மாறவில்லையாம். சாயம் ஏறும் கதையைக் கேட்டு, எந்த சோப்பு என்று எங்களுக்கும் சொல்லுங்கள் என்று சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். துண்டுகளையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தாள்.

"நான்தான் தப்பா அளந்துட்டேனா?" என்றாள். யாரையும் கேட்ட மாதிரி இல்லை.

ஒரு வருஷம் கை ஊறத் துவைத்தவள், என் நிரல் சொன்னதை நம்பித் தன் கையைச் சந்தேகிக்கிறாள். அப்போதுதான், வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்லும் காரியத்தைக் கடைசியாகச் செய்தேன். மாமனார் ஏற்றிய அளவுக் கோப்பை மேலிருந்து கீழ் வரை கண்ணால் பார்த்தேன். அதுவரை தலைப்பும் முதல் சில வரிகளும்தான் பார்த்திருந்தேன். அவை மனைவியே மாதிரிக்காகத் தட்டியவை, சுத்தமாக இருந்தன.

மாமனார் தட்டத் தொடங்கிய வரியில், தாளின் நடுவில் போடுவது போலவே நடுக்கட்டத்தில், ஒரு பிள்ளையார் சுழி. கொஞ்சம் கீழே போனால் இன்னொரு 'உ'. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு நாளும் உட்கார்ந்ததும் ஒன்று போட்டிருக்கிறார். நடுக்கட்டம் என்பது நிற அளவுகள் இருந்த வரிசை.

எண்களுக்கு நடுவில் ஓர் எழுத்தைப் பார்த்ததும் நிரல் அந்த வரிசை முழுவதையுமே எழுத்து என்று எடுத்துக்கொண்டுவிட்டது. எழுத்தாக வருவதை அகராதி போல வரிசைப்படுத்தி எண் கொடு என்று எப்போதோ நான் எழுதிவைத்த வரி ஒன்று உண்டு. அது தன் கடமையைச் செய்தது. அகராதியில் ஒன்றில் தொடங்கும் பத்து முன்னால் நிற்கும், இரண்டு பின்னால் நிற்கும். நிறையத் துவைத்து நிறையச் சாயம் இழந்த துண்டுகளெல்லாம் முன்வரிசைக்கு வந்து, சின்ன எண் வாங்கி, கொஞ்சமாக இழந்தவை ஆகிவிட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது இப்படித்தான்.

சுழி இருந்த வரிகளை அப்போதைக்குக் கையாலேயே ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். சாயம் ஒழுங்காக இறங்கியது. மனைவி திரையைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றாள். எனக்கும் சொல்ல மனமில்லை.

ஆனால் கடைசித் துண்டுகளின் அளவுகள் இன்னும் ஏற்ற வேண்டியிருந்தன. மறுநாள் காலை மாமனார் குளித்து விபூதி பூசி நாற்காலியில் உட்கார்ந்தார். சுழிக்கு முன்னால் ஒரு ஹேஷ் (#) குறி போட்டுவிடுங்கள் மாமா என்று மெதுவாகச் சொன்னேன். எதுக்கு என்று கேட்டார்.

"அது முன்னாடி இருந்தா, அந்த வரிய கம்ப்யூட்டர் படிக்காது."

விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டார். "படிக்க வேண்டியவரு படிப்பாரு இல்ல?"

"படிப்பாரு மாமா."

திருப்தியாகத் தலையாட்டினார். சங்கத்தில்கூட வருஷத்துக்கு ஒரு சுழிதானே போட்டிருப்பீர்கள், இதில் தினம் ஒன்று எதற்கு என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வுட்டுடுவேன்னு சொல்லிச்சு இல்ல மாப்ள, பாப்பா. வேற இன்னா செய்யத் தெரியும் எனக்கு?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் தட்டி முடித்துக் கடைத்தெருவுக்குப் போன பிறகு நான் நாற்காலிக்கு மாறியிருந்தேன். மனைவி வந்து என்னை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்தாள். என் நிரலின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டு, பக்கத்தில் 'உ' என்று தட்டினாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். சாயம் இறங்கியது.