பதினைந்தாவது அடுப்பு

மதுரைக்கு மேற்கே இன்றைக்கு யார் வீடு கட்டினாலும் ஜல்லிக்கும் செங்கலுக்கும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் தப்பில்லை, நானே சம்பாதித்த பெருமைதான். வார்டு அலுவலகத்துக்குள் நான் நுழைந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு முதல் குழாயைக் கொண்டுவந்தவளே நான்தான் என்பது மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

எழுபதுகளில் நடந்தது. நாகமலை தெரிகிற திசையில் நகரம் கையை நீட்டி, வயலும் வரப்புமாகக் கிடந்த எங்கள் ஊரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. முந்தின நாள் வரை பஞ்சாயத்து, விடிந்தால் மாநகராட்சி. கண்மாயும் அதேதான், சாணி வாசமும் அதேதான். ஆனாலும் ஆண்கள் எல்லாம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்கள்.

தெருக்குழாய் வரும் என்று பேச்சு அடிபட்டது. எங்களோடு ஒரே உலையில் இருந்த சித்தப்பா போய் விசாரித்துவிட்டு வந்தார். பதினைந்து வீடு இருந்தால்தான் ஒரு குழாயாம். எங்கள் தெருவில் பதினொன்றுதான்.

அந்தக் குழாய் யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, என் அக்காவுக்கு வேண்டும். எட்டாவதில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளைத் தண்ணீருக்கு ஆள் இல்லை என்று நிறுத்தியிருந்தார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அம்மா விடிந்ததும் களையெடுக்கப் போய்விடுவாள். அக்கா ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை நடப்பாள். அப்பா கெட்டவர் இல்லை. குழாய் வந்த மறுநாளே மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா புத்தகங்களைப் பழைய சேலைத் துணியில் கட்டிக் கரையான் ஏறாமல் பரணில் வைத்திருந்தாள்.

வீடுகளுக்கு எண் போட மாநகராட்சியிலிருந்து பில் கலெக்டர் வந்தார். பக்கத்துத் தெருவில் அவர் எப்படி எண்ணுகிறார் என்று சித்தப்பா பின்னாலேயே போய்ப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி ஒரே கூரைக்குள் இருந்தாலும் உலை வேறாகிவிட்டால் குடும்பம் வேறு. அதனால் அவரும் அடுப்பைப் பார்த்துத்தான் வீட்டை எண்ணினாராம். சித்தப்பாவுக்கு அது போதும்.

"அடுப்புத்தான வேணும்? நாலு அடுப்புப் போட எம்புட்டு நேரமாகும்?" என்றார்.

தெருவில் மாட்டுத்தொழு சரியாக நாலு இருந்தது. மாடுகளைக் கண்மாய்ப் பக்கம் ஓட்டிவிட்டுத் தரையை மெழுகி, வாசலில் கோலம் போட்டு, உள்ளே புது அடுப்புக் கட்டி உலை வைத்தார்கள். ஒவ்வொரு தொழுவிலும் ஒரு ஆளைக் குடிவைத்தார்கள். நாலாவது எங்கள் தொழு. அதில் உட்காரப் பெரியவர்கள் மிச்சமில்லை. வாய் இருக்கிறவள் என்று என்னை உட்கார வைத்தார்கள். யார் வீடு என்று கேட்டால் சித்தப்பா வீடு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

மூன்றாவது தொழுவில் பதற்றத்தில் சித்தப்பாவே முன்னால் வந்து, இது என் வீடுதான் என்று சொல்லித் தொலைத்தது எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு வீடு ஆகாதே. பில் கலெக்டர் குனிந்து உள்ளே வருவதற்குள் நான் வேறு பதில் தயார் செய்துவிட்டேன்.

"இங்க யாரும்மா குடியிருக்கா?"

"எங்க அக்காவும் மச்சானும்."

"மச்சான் எங்க?"

"மில்லுக்குப் போயிருக்காரு. பகல் சிப்ட்டு."

அவர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இம்புட்டுப் புதுசாக இருக்கிறதே என்றார். வெள்ளிக்கிழமை என்றால் நாங்கள் அடுப்பை மெழுகுவோம் என்றேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமையும்கூட. அவர் அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு பொட்டுப் புகைக்கரி இல்லை. அந்த நேரம் பார்த்துச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நாலு நாள் கன்று ஒன்று கத்தியது. அதை ஓட்டிப்போக மறந்திருந்தார்கள்.

"அதாரு?" என்றார்.

"அக்காவுக்குக் குடுத்த சீதனம் சார்."

அவர் மீசைக்குள் என்னவோ அசைந்தது. அதற்குள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு அக்கா வந்து நின்றாள். பாவாடை சட்டை, ரெட்டைச் சடை. இவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றால் யார் நம்புவார்கள்?

பில் கலெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படிக்கிறியாம்மா என்று கேட்டார்.

"படிச்சேன் சார். தண்ணிக்கு ஆளில்லன்னு நிப்பாட்டிட்டாக," என்றாள் அக்கா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அந்த விஷயத்தில் அவள் மட்டம்.

அவர் நோட்டை மூடவில்லை. வெளியே போய், எண் எழுதக் கொண்டுவந்திருந்த தார் டப்பாவை ஒரு முறை நன்றாகக் கலக்கி, எங்கள் தொழுச் சுவரில் பதினைந்து என்று பெரிதாக எழுதினார். நான்தான் அவரை ஏமாற்றிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

குழாய் வந்தது. பூசணிக்காய் உடைத்துத் திறந்தோம். ஆனால் எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. பள்ளத்துத் தெருக்கள் பிடித்து முடித்த பிறகுதான் தண்ணீர் எங்களுக்கு ஏறும். காலையா மத்தியானமா என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும், சண்டை வந்தால் விடாமல் பேசவும் வேண்டும்.

அப்பா வாக்குத் தவறவில்லை. அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதே வாரம் என்னை நிறுத்தினார். இவள் வாய்க்குக் குழாயடி போதும் என்று சித்தப்பா சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இனிமேல் வாய்ப்பாடு கிடையாது, டீச்சரின் பிரம்பு கிடையாது என்று தொழுவுக்கும் வீட்டுக்குமாகக் குதித்தேன்.

அக்கா புதுத் தாவணி கட்டி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றவள், என்னைப் பார்த்து அழுதாள். கேட்டதெல்லாம் கிடைத்த பிறகும் அழுகிறாளே, இவளுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். நின்று கேட்க எனக்கு நேரமில்லை. வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.