ஐஸ் பெட்டியில் வந்த வஞ்சிரம்

திருவானைக்காவல் ரெங்கம்மாள் தலையில் பழைய மீனைக் கட்டியவர் திருச்சி மீன் மார்க்கெட்டில் ஒருவருமில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அழுத்திப் பார்ப்பாள். அப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குவாள். தாயில்லாத தம்பி தங்கையனை அந்த மீன் குழம்பை ஊற்றித்தான் ஆளாக்கினாள். அவன் மறுசோறு கேட்டால்தான் அவளுக்குச் சமைத்த மாதிரி இருக்கும்.

கப்பல் வேலைக்குப் போன தங்கையன் மூன்று வருஷம் கழித்து லீவில் வந்திருந்தான். வந்த நாளிலிருந்து ஒரு வேளைகூட மறுசோறு கேட்கவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் சொன்னான்:

"ஜப்பான்ல சுஷின்னு ஒண்ணுக்கா. புளிப்புச் சோத்தை உருட்டி, மேல பச்சை மீனைச் சீவி வைப்பாங்க. விடிகாலையில மீன் மார்க்கெட்டுக்கே போய்த் தின்னுவோம். நாக்கு அதுக்குப் பழகிப்போச்சு."

பச்சை மீனா! ரெங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் சாயங்காலம் அவன் மெட்ராஸுக்கு ரயிலேறிவிடுவான். ஒரு வேளையாவது வாய்க்குப் பிடித்ததைப் போடாமல் அனுப்ப மனசு வரவில்லை.

யாரிடமும் சொல்லாமல் தூக்குவாளியோடு முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். மீன்காரர் அடைக்கலம் ஐஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நாகப்பட்டினத்து வஞ்சிரம். இப்பத்தான் ரயில்ல வந்து இறங்குச்சு."

"செத்து விறைச்சதையா என் தம்பி பச்சையாத் திங்கணும்? உசிரோட இருக்கிறதக் காட்டுங்க."

"பச்சையாவா? உங்க தம்பி என்ன கொக்காம்மா?"

அவள் தொட்டித் தண்ணீரில் நெளிந்த காவிரி விராலில் பெரியதாக ஒன்றைப் பிடித்து வாளியில் போடச் சொன்னாள். பஸ்ஸில் அது வாலடித்துக் கண்டக்டரின் சட்டையை நனைத்தது. "அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்கம்மா" என்றார் அவர்.

வீட்டில் வாளிக்குள் எட்டிப் பார்த்த தங்கையன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஆத்து மீனைப் பச்சையாத் திங்கக் கூடாது. உள்ள பூச்சி இருக்கும். ஐஸ்ல வெச்ச கடல் மீன்தான் சரி."

"துள்ளுறது ஆகாதாம், பொணம் ஆகுமாம்! முன்னாடியே சொன்னா என்னடா?"

"நீ மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொன்னியா?"

மறுபடி பஸ். அடைக்கலம் வெறும் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐஸ் மீனா? உங்களுக்கா? அத ஹோட்டல்காரங்க மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களேம்மா."

திரும்பி வந்தவள் கோபத்தையெல்லாம் விராலின் மேல் காட்டினாள். சாம்பலும் கல்லுப்பும் போட்டு, வழவழப்புப் போகத் தரையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். குழம்பு வைத்தாள். தங்கையன் தலைநிமிராமல் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா."

ரெங்கம்மாள் ஓடிப்போய்க் குழம்புச் சட்டியையும் சேர்த்தே தூக்கிவந்தாள். அவன் இலை மேல் கையை விரித்து மறித்தான்.

"குழம்பு போதும். மோருக்குக்கா."

மோர்ச் செம்பை ணங்கென்று வைத்தாள்.

"அடுத்த லீவுக்கு வரும்போது அந்த ஐஸ் மீனை நீயே தூக்கிட்டு வா. சோத்தை மட்டும் நான் உருட்டி வைக்கிறேன்."