ஐஸ் இல்லாத மேசை

“நீ பாத்தது செல்லோட வேலை இல்லம்மா, ஐஸோட வேலை.”

ஆய்வுக்கூடக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளர் என் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்துச் சொன்னது இது. ஆண்டு மதிப்பீட்டுக் குழுவின் முன் நான் பேச ஒரு வாரமே இருந்தது. அந்தப் படம் தவறென்றால் என் ஆய்வும் அதோடு முடிந்தது.

படத்தில் இருந்தது எலியிலிருந்து எடுத்த டி-செல். கிருமி வந்தால் விழித்துக்கொள்ளும் ரத்த அணு. அதன் சவ்வு மெல்லிய கொழுப்புப் படலம். கிருமியை அடையாளம் காணும் ரிசெப்டர்கள் அதில் மிதக்கின்றன. அவை ஓரிடத்தில் கூடினால்தான் செல் விழிக்கும் என்பது என் கட்சி. எங்கள் ஸ்ரீராம்புரம் சந்தில் தண்ணீர் வராத நாளில் ஒவ்வொருத்தியாகப் போய்க் கேட்டால் வால்வு திறப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குடத்தோடு கூட்டமாகச் சூழ்ந்துகொண்டால் திறந்துவிடுவார். செல்லும் அப்படித்தான் என்று நம்பினேன்.

கன்னடம் கலந்து பேசும் அக்கா விடவில்லை. “நோடு, டிசம்பர்ல தேங்காயெண்ணெய் உறையுதில்ல? ஐஸ்ல வச்சா சவ்வும் இறுகும். ரிசெப்டரெல்லாம் தானா கட்டி கட்டியா சேந்துக்கும். அதைப் போய் கண்டுபிடிப்புங்கறே.”

செல்கள் கெடாமலிருக்க எங்கள் கூடத்தில் எல்லோரும் அவற்றை ஐஸ் பெட்டியில்தான் வைப்போம். அது வழக்கம். அந்த வழக்கமே படத்தைக் கெடுக்குமென்று நான் யோசிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில், தெருக் கூட்டும் வேலைக்குப் போகிற அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னாடி, உன் அணு இன்னிக்கும் முழிக்கலையா? நீயாவது தூங்கு.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாதியில் திரும்பி வருவதற்காகப் போகவில்லை.

மறுநாள் ஐஸ் பெட்டியை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். நுண்ணோக்கியைச் சுற்றியிருக்கும் கூண்டை உடல் சூட்டுக்கு ஏற்றினேன். செல்களும் அதே சூட்டில் காத்திருந்தன. அக்காவையே பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

முதலில் அவர் சொன்னதுதான் பலித்தது. சும்மா இருந்த செல்களில் ஒரு கட்டியும் இல்லை. பழைய படத்தில் அவற்றிலும் கட்டிகள் இருந்தன; அந்தப் பாதி பொய்.

“பாத்தியா?”

“இருங்கக்கா, இன்னும் தூண்டவே இல்லையே.”

டி-செல்லைத் தூண்டும் புரதம் பூசிய நுண்மணிகளை விட்டேன். மணி தொட்ட இடத்துக்கு ரிசெப்டர்கள் நகர்ந்து வந்து கூடின. அதன் பிறகே செல்லுக்குள் கால்சியம் ஏறி, அதைக் காட்டும் சாயம் பச்சையாக ஒளிர்ந்தது; செல் விழித்துவிட்டது. அடுத்து, ரிசெப்டர்கள் கூட உதவும் கொலஸ்ட்ராலைச் சவ்விலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்ட செல்களைப் பார்த்தோம். அவற்றில் ரிசெப்டர்கள் குறையவில்லை. ஆனால் கூடவுமில்லை, செல் ஒளிரவுமில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “சரி, எலி உன் பக்கம். மனுஷன்?”

“கைய நீட்டுங்க, பாத்துடலாம்.”

“ஊசின்னா எனக்கு பயம், மாராயத்தி!”

குழுவின் முன் ஐஸில் வைத்தது, வைக்காதது என இரண்டு படங்களையும் வைத்தேன், பொய்யான பாதி எது என்றும் நானே காட்டினேன். மனித ரத்தத்துக்குப் போகலாம் என்றார்கள்.

இன்று காலை செவிலியர் அக்காவின் கையில் ஊசியை ஏற்றினார். அக்கா கண்களை இறுக மூடி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் ரத்தத்தால் வெதுவெதுப்பாக இருந்த குழாயை உள்ளங்கையில் பொத்தியபடி, ஐஸ் பெட்டியைத் தாண்டி நடந்தேன்.