தம்பியின் தலையில் விழுந்த துளி

பேய், முனி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். ஷெல் விழுந்த வீட்டிலிருந்து வந்தவளைப் பேயைக் காட்டிப் பயப்படுத்த ஏலுமா? நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், உங்களுக்குச் சத்தியம் செய்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இது என் கண்ணுக்கு முன்னால், பட்டப்பகலில் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் கணவரும் மொன்றியல் நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தோம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மொன்றியல் தீவு முடிந்து, பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம். முதலாளி வயதான கியூபெக்காரர், முழங்கால் போய்விட்டதால் எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். அகதியாய் வந்து சேர்ந்த என் தம்பி குகனையும் எங்களோடு வைத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஷெல்லடியில் போனபின் எனக்கென்று மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும், அது எங்கள் வீட்டுச் சொத்து, எனக்கும் குறைவில்லை.

சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் காரில் வந்து பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்று கிடாய் கேட்பார்கள். வெட்டுவது என் கணவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் வைரவர் கோயில் வேள்வியில் செய்வதுபோல, செம்பில் தண்ணீர் எடுத்து ஆட்டின் தலையிலும் பிடரியிலும் தெளிப்பார். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் அது சம்மதம் சொல்லிவிட்டது, வெட்டலாம். உதறாவிட்டால் அவிழ்த்துக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆடு பிடிப்பார். தண்ணீர் பட்டால் எந்த மிருகமும் உதறும்தானே, இதில் என்ன சாமி, என்ன சம்மதம் என்று நான் அவரைப் பகிடி பண்ணாத நாளில்லை.

பனி உருகத் தொடங்கிய நேரம் அது. எங்கே பார்த்தாலும் பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டென்று ஒழுகும், முற்றம் எல்லாம் சேறும் சாணியும், கொட்டில் நிறையச் சினை ஆடுகள், சில ஈன்றும் விட்டன. அந்த ஞாயிறு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்ததிலேயே பெரிய வெள்ளைக் கிடாயைக் காட்டியது. கணவர் தெளித்தார். அது அசையவில்லை. திரும்பவும் தெளித்தார். தண்ணீர் கண்ணுக்குள் வடிந்தும் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இது வேண்டாம். வேறை ஒண்டைப் பிடிப்பம்" என்றார் கணவர்.

வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். குகனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அத்தான், குளிருக்கை நிக்கிற சனத்துக்கு நாடகம் காட்டுறியள்? அது ஓம் எண்டு சொல்லவேணும், அவ்வளவுதானே?" என்று சொல்லிக்கொண்டே, ஐஸ் மிதந்த வாளியைத் தூக்கி அப்படியே கிடாயின் தலையில் கவிழ்த்தான். கிடாய் நடுங்கி உதறியது. "பாத்தியளே, ஓமாம்" என்று சிரித்தான். கத்தியையும் அவனே எடுத்தான்.

கழுத்து பாதிக்கு மேல் அறுந்தது, நான் பார்த்தேன். அப்படி அறுந்தால் கால் மடிந்து விழவேண்டும், எத்தனை ஆடு பார்த்திருப்பேன். இது விழவில்லை. தலை ஒரு பக்கம் தொங்க, பனியெல்லாம் இரத்தம் கொட்ட, முற்றத்தைக் கடந்து நேரே கொட்டிலுக்குள் நடந்து போனது. சினை ஆடுகள் விலகி வழிவிட்டன. அவற்றின் நடுவில் போய் நின்ற பிறகுதான் விழுந்தது. வந்தவர்கள் இறைச்சியே வேண்டாம் என்று காரில் ஏறிவிட்டார்கள்.

"நரம்பு இழுத்திருக்கும். தலை வெட்டின கோழி ஓடுறேல்லையே?" என்றேன். எனக்கு நானே சொன்னதுதான்.

அன்று பின்னேரம் குகன் கொட்டில் குழாயில் இரத்தம் கழுவினான். தலையில் தண்ணீர் பட்டதும் பிடரியிலிருந்து தோள்வரை ஓர் உதறல் உதறினான். குளிரில் மனிதர் நடுங்குவது வேறு, இது சரியாக ஆடு உதறுவது. அவனே வெட்கப்பட்டுச் சிரித்தான், நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு கிழமை போயிருக்கும். நல்ல வெயில், மத்தியானம், குகன் கொட்டிலுக்குள், கூரை ஒழுகுகிற ஓரமாக நின்று ஆடுகளுக்குப் புல்லுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் மண்வாரியால் சாணி அள்ளிக்கொண்டு நின்றேன். உருகிய பனி ஒரு துளி கூரையிலிருந்து அவன் பிடரியில் விழுந்தது. உதறினான்.

கொட்டில் அடங்கிப்போனது. அசைபோடுகிற சத்தம்கூட நின்றது. எல்லா ஆடும் அவன் பக்கம் திரும்பின. அதுவரை அவன் கையிலிருந்து தின்ற ஆடுகள், வயிறு தள்ளிய சினை ஆடுகள், ஈன்று ஈரம் காயாதவை, எல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. அவனைச் சுவரோடு இடித்து நசித்தன, விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவன் மேல் ஏறி மிதித்தன. ஓர் ஆடுகூடக் கத்தவில்லை, அதுதான் பெரிய பயங்கரம். நான் மண்வாரியால் கண்மண் தெரியாமல் அடித்தேன், ஒன்றின் கொம்பு தெறித்தது, ஒன்றின் மண்டை பிளந்தது, அடி வாங்கியவை என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. என் தம்பி அதுகளின் காலுக்குக் கீழே கிடக்கிறான், நான் பாவம் பார்க்கிற நிலையில் இல்லை. கணவர் ஓடிவந்து அவனை வெளியே இழுத்து, தலையைத் துடைத்து, தன் தொப்பியை அவனுக்குப் போட்டு அழுத்தினார். எல்லாம் நின்றது. ஆடுகள் திரும்பிப் போய்ப் புல்லுத் தின்னத் தொடங்கின.

ஆஸ்பத்திரி வாசலில் கணவர் மெதுவாகக் கேட்டார். "இவன் சிலிர்த்ததைக் கண்டனீரே?"

"கண்டன். அதுக்கென்ன?"

"கிடாய் சொல்லாத சம்மதத்தை இப்ப இவன் சொல்லுறான். அதுகளுக்கு அது போதும்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.

குகன் பிழைத்தான். நாங்கள் அந்த வசந்தத்தோடு பண்ணையை விட்டோம். அவன் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே போனான், கொளுத்துகிற ஜூலையிலும் தொப்பி கழற்றமாட்டான், வானம் கறுத்தால் வெளியே இறங்கமாட்டான். பிறகு கலியாணம் பேசி வந்தது. எங்கள் முறைப்படி மாப்பிள்ளை தலைக்குத் தோய்ந்து குளிப்பதற்கு முன் உறவுக்காரர் பாலில் நனைத்த அறுகம்புல்லைத் தலையில் வைக்க வேண்டும். கணவர் வேண்டாம் என்று தடுத்தார். "பால்தானே அத்தான், தண்ணியில்லையே" என்று சிரித்தபடி குகன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தான்.

மாமி ஒருத்தி முதலில் வைத்தாள். பால் பிடரியில் வழிந்தது. அவன் உதறினான்.

சிரிப்பும் கதையும் நிறைந்திருந்த வீடு அடங்கியது. பிள்ளைகள்கூட வாயை மூடின. எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பின. ஐயோ, என் தம்பியை இங்கேயிருந்து இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்று நினைத்தேன், அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றும் நம்புகிறேன். அப்போதுதான் கணவர் என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்திருப்பது தெரிந்தது. பால் செம்பு என் கையில் இருந்தது. அதை அவன் தலைக்கு நேரே ஓங்கியிருந்தேன். எனக்குக் கோபமில்லை, வெறுப்பில்லை, ஒன்றுமே இல்லை. கணவர் மற்றக் கையால் அவன் தலையில் துவாயைப் போட்டார். உடனே வீடு பழையபடி கதைக்கத் தொடங்கியது, யாரோ பூமாலை எங்கே என்று கேட்டார்கள். குகன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் மழை தூறத் தொடங்கினால் லொங்குய்யிலிருந்து போன் வரும். "அக்கா, இண்டைக்கு வரவேண்டாம்" என்பான். போன கிழமையும் எடுத்தான். சரி என்று போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். நான் சப்பாத்துப் போட்டிருந்தேன், கார்த் திறப்புக் கொத்து கையில் இருந்தது. எங்கே போக வெளிக்கிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.